ஊசிமேடு விலக்கில் நின்று செல்ல

ஆனி மாதத்துக் கடைசி வியாழக்கிழமை காலை எட்டு பத்துக்கு, ஊசிமேடு விலக்கில் பஸ்ஸுக்குக் கை காட்டிய மாரிக்கனிக்கு, பஸ் வழக்கம்போல நிற்காமல் புழுதியை வாரி முகத்தில் இறைத்துவிட்டுப் போய் மறைந்த பிறகும் நீட்டிய கை இறங்கவில்லை. தோளுக்கு நேராக, உள்ளங்கை சாலையைப் பார்த்தபடி, ஐந்து விரலும் விரிந்தபடி அது நீட்டிய இடத்திலேயே இருந்தது. இடது கையால் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். வலியும் இல்லை, மரத்துப்போகவும் இல்லை; சொன்ன பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனமில்லாத ஆள் மாதிரி அது இருந்தது. சரி, இருக்கட்டும் என்று ஊரைப் பார்த்துத் திரும்பினாள். எதிரே வந்துகொண்டிருந்த வெள்ளாட்டு மந்தை கையைக் கண்டதும் நின்றது. ஓர் ஆடு தூக்கிய முன்னங்காலைக் கீழே வைக்கவில்லை. இன்னொன்று வாயிலிருந்த கருவேலங்காயை மெல்லவில்லை.

மேய்த்து வந்தவர் கையையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தாயி, நீ அந்தப் பக்கமா திரும்பிக்க. ஆடு பசியோட இருக்கு" என்றார்.

அவள் திரும்பிக்கொண்டாள். ஆடுகள் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்து போயின.

மத்தியானத்துக்குள் இதன் விதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. மாரிக்கனியின் கைக்கு முன்னால் வருவதெல்லாம் நிற்கும். முதுகுக்குப் பின்னால் எதுவும் போகலாம். ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்பதைத்தான் கேட்டார்கள். அடுப்புக்கு நேராகத் திரும்பினால் உலை கொதிப்பது நின்றுவிடும் என்பதால் அவள் முதுகைக் காட்டிச் சமைத்தாள். வாசலைப் பக்கவாட்டில் கடந்தாள். தீப்பெட்டி ஆபீசில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒற்றைக் கையால் லேபிள் ஒட்டினாள். மகள் உமையாள் அம்மாவின் முதுகுப் பக்கமாகவே வாழப் பழகிக்கொண்டாள்.

கைக்கு முன்னால் நிற்காதது ஒன்றே ஒன்றுதான். அது பஸ்.

பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தை அந்தச் சீமையில் விலக்கு என்பார்கள். ஊசிமேடு விலக்கில் ஒரு வேப்பமரமும், பெயர் அழிந்துபோன ஒரு கல்லும், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும்தான் உண்டு. போன வருஷம் வரைக்கும் எட்டு பத்து பஸ் டிரைவரின் மனசைப் பொறுத்து அங்கே நின்றது. மனசில்லாத நாளில் நிற்காமல் போனது. இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த டவுன் பள்ளிக்கூடத்தில் ஊசிமேட்டுப் பெண்பிள்ளைகள் ஐந்து பேர் படித்தார்கள். அவர்களுக்காகத்தான் மாரிக்கனி, தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு மேசையும் ஒரு குடையும் போட்டு மனு எழுதும் தேவசகாயத்திடம் போனாள்.

"பஸ் என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார் தேவசகாயம்.

"நிக்கணும்யா."

"நின்னு?"

"நிக்கணும். அம்புட்டுத்தான்."

அவளால் அதற்கு மேல் சொல்ல முடியாது என்பது தேவசகாயத்துக்குத் தெரியாது. நின்று செல்ல வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் அவள் புருஷன் பெயர் செல்லையா. கல்யாணமான நாளிலிருந்து அந்த எழுத்துகள் வருகிற எந்தச் சொல்லையும் அவள் வாயால் சொன்னதில்லை. செல்லரித்த கதவைப் பூச்சி தின்ற கதவு என்பாள். செல்போனைக் கைப்பெட்டி என்பாள். பெற்ற மகளை ஒருநாளும் செல்லம் என்று கூப்பிட்டதில்லை. நின்று போக வேண்டும் என்றாவது சொல்லலாம், அதுவும் முடியாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டையின் முடிவில் செல்லையா தோள்பையோடு வாசற்படியில் நின்று, "அப்பப் போகவா?" என்று கேட்டபோது அவள், "போ" என்றாள். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவனிடம் போயிட்டு வா என்றுதான் யாரும் சொல்வார்கள். வெறும் போவை வாங்கிக்கொண்டு இறங்கினவன் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டவனாக இன்றுவரை வரவில்லை. அதிலிருந்து அந்த வார்த்தையை அவள் கோழிக்குக்கூடச் சொல்வதில்லை. நெல்லைக் கொத்துகிற கோழியிடம், "அங்கிட்டு இரு" என்பாள். கோழி இருந்து கொத்தும்.

ஆகவே தேவசகாயம், "ஊசிமேடு விலக்கில் பேருந்தை நிறுத்த வேண்டும்" என்று எழுதினார். ஊரே கையெழுத்துப் போட்டது. நாற்பது நாளில் பதில் வந்தது. தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டு, வரும் முதல் தேதியிலிருந்து ஊசிமேடு விலக்கில் பேருந்து நிறுத்தப்படுகிறது.

முதல் தேதியன்று விலக்கில் வாழைக்கன்று கட்டி, சர்க்கரைப் பொங்கல் வைத்து, சாலையின் குறுக்கே இரண்டு எலுமிச்சம்பழம் வைத்துக் காத்திருந்தார்கள். பஸ் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போயிற்று. டிரைவர் புதுசு என்று நினைத்து மறுநாளும் வைத்தார்கள். மூன்றாம் நாள் பின்படிக்கட்டில் தொங்கிய கண்டக்டர் பால்வண்ணன் கத்திக்கொண்டே போனான்.

"நீங்கதானப்பா நிறுத்தச் சொன்னிய? நிறுத்தியாச்சு!"

ஊர் அந்த வாக்கியத்தை ஒரு வாரம் வாயில் போட்டு மென்றது. அதனால்தான் பின்னாளில் மாரிக்கனியின் கைக்கு ஆடும் மாடும் எறும்பும் நின்றபோது பஸ் மட்டும் ஏன் நிற்கவில்லை என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. ஏற்கெனவே நிறுத்தின பஸ்ஸை எப்படி மறுபடி நிறுத்த முடியும்?

ஐந்து பிள்ளைகளில் இரண்டு பேர் தீப்பெட்டி ஆபீசுக்கு வந்தார்கள். ஒருத்தி திருப்பூருக்குப் போனாள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது. உமையாள் மட்டும் மிஞ்சினாள். அடுத்த நிறுத்தம் எட்டு கிலோமீட்டர் தள்ளி. பால்வண்டி கிடைத்த நாளில் பால்வண்டி, செங்கல் லாரி கிடைத்த நாளில் செங்கல் லாரி, எதுவும் கிடைக்காத நாளில் நடை. ஒன்பதரைக்குப் பிறகு போனால் அரைநாள் வரவில்லை என்று குறித்துவிடுவார்கள். வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுத முடியாது. பரீட்சை எழுதாவிட்டால் பங்குனியில் பரிசம் என்று செல்லையாவின் அக்கா பேச்சித்தாய் சொல்லியிருந்தாள். அவள் மகன் பொக்லைன் ஓட்டுகிறான். அவன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. உமையாள் அவனைக் கட்ட விரும்பவில்லை, அவ்வளவுதான்.

"என்னத்தை முயற்சி பண்ற?" என்றாள் பேச்சித்தாய், தம்பி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி. "நம்ம பக்கத்துல இதுக்குப் பேரு அடம்."

"அடம்னே வச்சுக்கோங்க மதினி."

"எந்தம்பிகிட்டயும் இதே அடம்தான் பிடிச்ச."

மாரிக்கனி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பேச்சித்தாய் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பினால் போதும், அந்தப் பேச்சு பாதியில் நின்றிருக்கும். அவள் திரும்பவில்லை.

பேச்சித்தாய் அடம் என்றதைத் தீப்பெட்டி ஆபீசில் பிடிவாதம் என்றார்கள். டீக்கடையில் வீம்பு என்றார்கள். கோயில் பூசாரி வைராக்கியம் என்றார். ஆடு மேய்ப்பவர் எட்டு மணிக்கு மந்தையை வேறு பாதையில் திருப்பினார். கை இறங்காமல் ஒரு மாதம் ஆன பிறகு டவுன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், தமிழ் வகுப்புப் பிள்ளைகளைப் பால்வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, அவள் பின்னால் வரிசையாக நிறுத்தி, இதற்குப் பெயர் விடாமுயற்சி என்று சொல்லி, இதே பொருளில் வரும் சொற்கள் என்னென்ன என்று கேட்டார். பிள்ளைகள் ஊக்கம் என்றார்கள், தளராமை என்றார்கள், விடாப்பிடி என்றார்கள். பிறகு அவர் மாரிக்கனியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

"கை வலிக்கலை சார்," என்றாள் அவள். "ஆனா இறக்கணும்போல இருக்கு."

அவர் அதைத் தன்னடக்கம் என்று பிள்ளைகளுக்கு விளக்கினார்.

இப்படியாக அடமென்றும் வீம்பென்றும் வைராக்கியமென்றும் பெயர் மாறிக்கொண்டே வந்த அந்தக் கை, ஆடியில் ஒரு காரியம் செய்தது. மேற்கேயிருந்து புழுதியைச் சுருட்டிக்கொண்டு சாலையோடு வந்த ஒரு சூறைக்காற்று, காலை எட்டு ஐந்துக்கு அவள் கைக்கு முன்னால் வந்து நின்றது. ஒன்றரை ஆள் உயரம். சுற்றுவதை நிறுத்தவில்லை, நகர்வதை மட்டும் நிறுத்தியது. வண்டியாக இருந்தால் பின்னால் எடுத்துத் திரும்பிப் போயிருக்கும். காற்றுக்குப் பின்னால் எடுக்கத் தெரியாது. அவள் வீட்டுக்குப் போன பிறகும் அது போகவில்லை. மறுநாளும் இருந்தது, அடுத்த மாதமும் இருந்தது. முதலில் பெண்கள் அதன் பக்கம் துப்பிவிட்டு நடந்தார்கள். பிறகு ஒருத்தி உளுந்தைக் கொண்டுவந்து அதன் ஓரத்தில் நின்று தூற்றினாள். பொட்டு ஒரு பக்கம், மணி ஒரு பக்கம் என்று பிரிந்து விழுந்தது. அந்த வருஷம் ஊசிமேட்டில் யாரும் காற்றுக்குக் காத்திருக்கவில்லை. ஈரத்துணியைக் காட்டிக் காயவைத்தார்கள். ஐப்பசியில் அதற்கு ஒரு மாலை போட்டார்கள். மாலை மார்கழிவரை சுற்றிக்கொண்டே இருந்தது.

எல்லாருக்கும் கையால் நல்லதுதான் நடந்தது, உமையாளைத் தவிர. காலையில் அந்தச் சாலையில் போனால் மாரிக்கனியின் கைக்கு முன்னால் நின்று, பின்னாலேயே எடுத்து, கால்வாய்க்கரை வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்று தெரிந்த பால்வண்டிக்காரன் நேரத்தை மாற்றினான். செங்கல் லாரி பாதையை மாற்றியது. பிள்ளைக்குக் கிடைத்துவந்த இரண்டு வண்டியும் தாயின் கையால் போயின. கார்த்திகையில் பாதி நாள் அவள் நடந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் வராம வீட்டுல இரும்மா," என்றாள் உமையாள், அம்மாவின் முதுகைப் பார்த்து.

"நாளைக்கு நின்னுட்டா?"

"நிக்காதும்மா."

"ஒருவேளை நின்னுட்டா?"

மாரிக்கனிக்கு உட்கார முடியவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து முற்றத்தில் நடப்பாள். நடந்தால் கைக்கு முன்னால் வந்த தும்பியெல்லாம் அந்தரத்தில் நிற்கும். அவற்றை விடுவிக்கத் திரும்புவாள். திரும்பினால் அந்தப் பக்கம் வேறு ஏதாவது நிற்கும். விடியும்போதே விலக்குக்குப் போய்விடுவாள். கண்டக்டர் பால்வண்ணனுக்கும் அவளுக்கும் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. பஸ் கடக்கிற நேரத்தில் ஒரு வாக்கியத்துக்குத்தான் இடம் உண்டு என்பதால் ஒரு நாளைக்கு ஒரு வாக்கியமாக அது நடந்தது. திங்கட்கிழமை அவன், "சார்ட்ல ஊசிமேடு இல்லக்கா," என்பான். செவ்வாய்க்கிழமை அவள், "சார்ட்டை யாரு எழுதுனா?" என்பாள். புதன்கிழமை, "மேல உள்ளவங்க." வியாழக்கிழமை, "எனக்கு மேல எல்லாருந்தான் இருக்காக, அதுல யாரு?" வெள்ளிக்கிழமை அவன் தலையைச் சொறிந்துகொண்டு போவான். அடுத்த திங்கட்கிழமை யோசித்துவைத்து வந்து, "மனுல என்ன எழுதினிய?" என்றான்.

அந்தக் கேள்வியை உமையாள் பிடித்துக்கொண்டாள். பழைய மனுவின் நகலைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு தடவை படித்தாள். "நிறுத்தன்னு இருக்கும்மா," என்றாள். பிறகு தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஊசிமேடு விலக்கில் பேருந்து நின்று செல்ல ஆவன செய்யுமாறு, என்று அவளே எழுதினாள். எழுதிய தாளை முதுகுக்குப் பின்னாலிருந்து தோளுக்கு மேலாக நீட்டினாள். மாரிக்கனி இடது கையால் வாங்கி வாய்க்குள்ளேயே படித்தாள். ஒரு சொல்லுக்கு வந்ததும் உதடு நின்றது. தாளில் இருந்தால் குற்றமில்லை என்று நினைத்து, இடது கையாலேயே கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

மாசி பாதியில் ஆணை வந்தது. மார்ச் மூன்றாம் தேதி முதல் காலை எட்டு பத்துப் பேருந்து ஊசிமேடு விலக்கில் நின்று செல்லும். மூன்றாம் தேதிதான் பரீட்சை, முதல் நாள் தமிழ். உமையாளின் வருகை எழுபத்தைந்துக்கு மேல் ஒரு நாள் மிச்சமாக நின்றிருந்தது. நுழைவுச்சீட்டு கைக்கு வந்துவிட்டது. பத்து மணிக்கு மணி அடித்துவிட்டால் அன்றைய தாள் இல்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் பேச்சித்தாய் தட்டோடு வருவாள்.

மூன்றாம் தேதி ஊர் முழுவதும் விலக்குக்கு வந்திருந்தது. இந்தத் தடவை யாரும் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. பேச்சித்தாயும் வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். சூறைக்காற்று தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டு பத்துக்கு பஸ் வந்தது, வேகத்தைக் குறைத்தது, மாரிக்கனியின் கைக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. ஒன்றரை வருஷத்தில் அவள் அந்த பஸ்ஸின் முகத்தை அசையாமல் பார்த்தது அன்றுதான். கண்ணாடியில் ஒரு விரிசலும், மூலையில் மூன்று குங்குமப் பொட்டும் இருந்தன.

"ஏறு பிள்ளே," என்றான் பால்வண்ணன்.

உமையாள் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓடி, முன்னால் வந்து, படியில் வைக்கக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. கதவு அம்மாவின் கைக்கு நேராக இருந்தது.

டிரைவர் கியரைப் போட்டார். பஸ் நகரவில்லை. இன்ஜின் நின்றிருந்தது; கண்ணாடிக்கு உள்ளே இருந்தவர்களைக் கை எட்டவில்லை.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பஸ்ஸுக்குள்ளிருந்து கோர்ட்டுக்குப் போகிறவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவளும் பரீட்சைக்குப் போகிற வேறு ஊர்ப் பிள்ளைகள் ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். மணி எட்டரை. மாரிக்கனி வேறு பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆடுகளை விடுவித்த அந்தத் திரும்பல் இன்று பலிக்கவில்லை. ஒன்றரை வருஷமாக அவள் நிறுத்த நினைத்தது இதைத்தான். கை அதை அறிந்திருந்தது, உடம்பைத்தான் திருப்ப முடிந்தது, கை கதவைப் பார்த்தே நின்றது. இரண்டு ஆண்கள் கையைப் பிடித்துத் தொங்கினார்கள். யாரோ விளக்கெண்ணெய் கொண்டுவந்தார்கள். "பின்னால எடுங்க அண்ணே," என்று ஒருவர் டிரைவரிடம் சொன்னார்.

"ஓடினாத்தானய்யா பின்னால எடுக்க? ஓடினாலும் எடுக்க மாட்டேன். நின்று செல்லன்னு ஆர்டர், நின்று திரும்பன்னு இல்ல," என்றார் டிரைவர்.

எட்டே முக்காலுக்கு உமையாளின் கண் மட்டும் அசைந்தது. தூக்கிய காலும் மார்போடு அணைத்த பரீட்சை அட்டையுமாக அவள் அம்மாவைப் பார்த்தாள். அத்தனை மாதம் முதுகையே பார்த்துப் பழகியவள் அன்று முகத்தைப் பார்த்தாள்.

பேச்சித்தாய் மரத்தடியிலிருந்து நடந்து வந்தாள். முன்னால் வந்தால் தானும் நின்றுவிடுவோம் என்று தெரிந்து, பின்பக்கமாக வந்து மாரிக்கனியின் காதுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அடம்னு நாஞ் சொன்னேன்லா," என்றாள். குரலில் ஏளனம் இல்லை. "எனக்கென்ன, இது இப்படியே நின்னா பங்குனியில எம்மருமக. ஆனா பிள்ளை காலு கடுத்துக்கிட்டு நிக்குதுளா. என்னமாவது சொல்லித் தொலை."

பால்வண்ணன் சட்டைப் பையிலிருந்து ஆணையை எடுத்தான். ஜன்னல் வழியாக, அவள் இடது கைக்கு எட்டுகிற மாதிரி நீட்டினான். "நின்னாச்சுக்கா. நீங்க கேட்டதுல பாதி முடிஞ்சது. மீதி என்னன்னு நீங்களே வாசிங்க."

அவள் வாங்கினாள். வாய்விட்டுத்தான் வாசித்தாள். "பேருந்து ஊசிமேடு விலக்கில் நின்று," என்றாள். அங்கே வந்து நின்றாள். அடுத்த சொல் என்ன என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவள் அதை ஏன் சொல்ல மாட்டாள் என்பதும் தெரியும். பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தாள் காற்றில் படபடத்தது.

"செல்லும்," என்றாள் மாரிக்கனி.

பேச்சித்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நீட்டிய கையின் சுண்டுவிரல் மடங்கியது.

மாரிக்கனி தாளைக் கீழே விட்டாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குள்ளே ஒன்பது வருஷத்துக்கு முந்தைய வாசற்படி ஒன்று இருந்தது, அதில் ஒருவன் தோள்பையோடு நின்றுகொண்டிருந்தான், அவளுடைய கை அப்போதிருந்தே அவனை நோக்கி நீண்டிருந்ததோ என்னவோ, அது அவளுக்கே தெரியாது. அவள் வாயைத் திறந்தாள். போயிட்டு வா என்று சொல்லத்தான் நினைத்தாள். அவ்வளவு நீளச் சொல்லுக்கு மூச்சு போதவில்லை.

"போ," என்றாள்.

கை இறங்கத் தொடங்கியது. ஒரேயடியாக விழவில்லை, கிணற்றில் வாளி இறங்குவதுபோல் மெதுவாக இறங்கியது. உமையாளின் கால் படியில் பட்டது, மற்ற கால் ஏறியது, கம்பியைப் பிடித்தாள். கை இடுப்பளவு வந்தபோது இன்ஜின் உறுமியது. விரல்கள் சேலையைத் தொட்டபோது பஸ் நகர்ந்தது. பால்வண்ணன் விசில் ஊதினான். சூறைக்காற்றும் அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் அசைந்து, உளுந்துப் பொட்டையும் பழைய மாலையின் நாரையும் அள்ளிக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி அதன் பின்னாலேயே ஓடியது.

தூற்ற வேண்டிய துவரை இன்னும் பாதி மிச்சமிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கலைந்தது. பேச்சித்தாய் மட்டும், "வாளா, கஞ்சி குடி," என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நடந்தாள்.

மாரிக்கனி தன் கையைப் பார்த்தாள். தோளிலிருந்து விரல்வரை எட்டு மாதத்து வலி அப்போதுதான் ஒவ்வொரு கணுவாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. வா என்று சொல்லவில்லையே என்று நினைத்தாள். கீழே கிடந்த ஆணையை எடுத்து மறுபடி வாசித்தாள். எட்டு பத்து பஸ் நின்று செல்லும் என்று இருந்தது. சாயங்காலம் திரும்பி வருகிற பஸ்ஸைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. முன்னும் பின்னும் புரட்டினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அவள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். அங்கே மரம் இல்லை, நிழலும் இல்லை. பெயர் அழிந்த கல்லின்மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, டவுன் பக்கத்துச் சாலையையே பார்த்தாள். சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.